உயர்த்திய ஜீப்பும் வடிவ கணிதமும்

பள்ளியில் வடிவ கணிதம் பயிலும் மாணவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் வினா ஒன்று உண்டு. வட்டத்தின் ஆரமும், செங்கோண முக்கோணத்தின் கர்ணமும், இணைகரத்தின் எதிர்ப்பக்கங்களும் வாழ்க்கையில் எங்கே பயன்படப் போகின்றன என்பதே அவ்வினா. பல ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்ற எனக்கு அது பழக்கமான வினாவே. அதற்கு விடை கூறப் பாலங்களையும் கோபுரங்களையும் சான்று காட்டுவது வழக்கம். இன்று அவற்றை விடுத்து, மோட்டார் பட்டறையில் நிற்கும் ஒரு ஜீப்பைச் சான்றாக எடுத்துக்கொள்வோம். அதன் உடையவர் அதனைச் சில அங்குலம் உயர்த்த விரும்புகிறார். அவ்வாறு உயர்த்தும்போது அதன் ஸ்டியரிங் அமைப்பில் என்ன கெடுகிறது, கெட்டதை எவ்வாறு செப்பம் செய்வது என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் ஆற்றல் செல்லுமாறு அமைந்த வண்டிகளையே பொதுவாக ஜீப் என்று நாம் கூறிவிடுகிறோம். 1941-ஆம் ஆண்டு முதல் வில்லிஸ் நிறுவனம் அமெரிக்கப் படைக்காகப் பெருந்தொகையில் செய்து அளித்த வண்டியால் இப்பெயர் உலகெங்கும் பரவியது. சேறு, மணல், ஆற்றுப்படுகை, பாறை நிறைந்த மலைப்பாதை ஆகியவற்றில் செல்வதே இவ்வகை வண்டிகளின் சிறப்பு. ஐஸ்லாந்து நாட்டில் பனிப்பாளங்களின்மீது செல்வதற்காக இவற்றை உயர்த்தி, மிகப் பெரிய டயர்களைப் பூட்டி, அவற்றில் காற்றை மிகக் குறைத்து ஓட்டுகின்றனர். ஆஸ்திரேலியாவின் பாலை வழிகளிலும் உயர்த்திய வண்டிகளைக் காணலாம். எனவே உயர்த்துவது எப்போதும் வெறும் ஆடம்பரம் அன்று. பல இடங்களில் அது தேவையே. ஆயினும் தேவைக்காக உயர்த்தினாலும், தோற்றத்துக்காக உயர்த்தினாலும், வடிவ கணிதத்தின் விதிகள் ஒன்றே.

வண்டியை மூன்று வழிகளில் உயர்த்தலாம். முதலாவது, பெரிய டயர்களைப் பூட்டுவது. இதனால் வண்டி முழுவதும் உயரும். ஆனால் இருசுக்கும் வண்டிச் சட்டத்துக்கும் உள்ள இடைவெளி மாறாது. இரண்டாவது, சட்டத்துக்கும் மேற்கூட்டுக்கும் இடையே கட்டைகளை வைத்து மேற்கூட்டை மட்டும் உயர்த்துவது. இதிலும் சட்டம் இருந்த இடத்திலேயே இருக்கும். மூன்றாவது, நீண்ட சுருள்வில்களையோ, அதிக வளைவுள்ள பட்டைவில்களையோ பொருத்திச் சட்டத்தையே இருசுக்கு மேலாக உயர்த்துவது. ஸ்டியரிங் அமைப்பைப் பெரிதும் குலைப்பது இம்மூன்றாவது முறையே. காரணம் எளிது. ஸ்டியரிங் பெட்டி சட்டத்தில் பூட்டப்பட்டிருக்கிறது. திரும்பவேண்டிய சக்கரங்களோ இருசின் முனைகளில் இருக்கின்றன. இவ்விரண்டையும் இணைக்கும் தண்டுகளின் நீளம் மாறாது. இடைவெளி மட்டும் மாறினால், தண்டுகள் சாய்வதைத் தவிர வேறு வழியில்லை. சாய்ந்தால் கோணங்கள் மாறும். கோணங்கள் மாறினால் வண்டியின் நடத்தை மாறும்.

இந்த அமைப்பின் உறுப்புகளை முதலில் அறிந்துகொள்வோம். முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே உறுதியான இருசின் முனைகளில் அமைந்த வண்டியையே இங்கே கருதுகிறோம். ஜீப் ராங்லர், டொயோட்டா லேண்ட் குரூசரின் 80 வரிசை, 2016 வரை வெளிவந்த பழைய லேண்ட் ரோவர் டிபெண்டர், 2023 முதல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த சுசுகி ஜிம்னி ஆகியவை இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றில் சட்டத்தைத் தாங்குவன சுருள்வில்கள். சுருள்வில் எடையைத் தாங்குமேயன்றி, இருசைத் தன் இடத்தில் பிடித்து வைக்காது. அப்பணியைத் தண்டுகளே செய்கின்றன. முன்பின்னாக இருசைப் பிடிப்பன நீளக் கைகள். அவற்றின் பின்முனை சட்டத்தில் கீல்போல் அமைந்திருக்கும். முன்முனை இருசோடு இணைந்திருக்கும். இருசு இடவலமாக நகராமல் காப்பது ஒரு குறுக்குத் தண்டு. பானார் என்னும் பழைய பிரெஞ்சு மோட்டார் நிறுவனத்தின் பெயரால் அதனைப் பான்ஹார்டு தண்டு என்பர். அதன் ஒருமுனை சட்டத்தின் ஒரு பக்கத்திலும், மறுமுனை இருசின் மறுபக்கத்திலும் பூட்டப்பட்டிருக்கும்.

இனி, ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது நிகழ்வது யாது? ஸ்டியரிங் பெட்டியிலிருந்து தொங்கும் பிட்மன் கை இடமோ வலமோ அசைகிறது. அதனோடு இணைந்த ஒரு நீண்ட தண்டு எதிர்ப்புறச் சக்கரத்தை இழுக்கிறது அல்லது தள்ளுகிறது. இதனை இழுதண்டு என்று கூறுவோம். பட்டறையில் டிராக் லிங்க் என்பர். இரு சக்கரங்களையும் ஒன்றோடொன்று இணைப்பது டை ராடு. இதனால் ஒரு சக்கரம் திரும்பும்போது மற்றதும் திரும்புகிறது.

வளைவில் உட்சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிச்சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்வதால், உட்சக்கரம் சற்று மிகுதியாகத் திரும்பவேண்டும். மியூனிக் நகரத்து வண்டித் தச்சர் லாங்கன்ஸ்பெர்கர் கண்ட இந்த அமைப்புக்கு, 1818-இல் லண்டனில் ருடால்ஃப் அக்கர்மன் காப்புரிமை பெற்றார். குதிரை வண்டிக்காகப் பிறந்த அவ்வமைப்பே இன்றும் மோட்டார் வண்டிகளுக்கு அடிப்படையாக உள்ளது. உறுதியான இருசுள்ள வண்டியை உயர்த்துவதால் இது கெடுவதில்லை. ஏனெனில் அதற்குரிய கைகள் யாவும் இருசிலேயே உள்ளன. சக்கரம் மேலிருந்து கீழாகச் சாயும் கேம்பர் கோணமும் அவ்வாறே மாறாது. எவை கெடும், எவை கெடா என்று முதலிலேயே பிரித்தறிவது நல்ல மாணவனுக்கும் நல்ல தொழிலாளிக்கும் பொதுவான இலக்கணம். கெடுவன மூன்று: காஸ்டர் கோணம், குறுக்குத் தண்டுகளின் சாய்வு, முன் இருசுக்கு ஆற்றலைக் கொண்டுசெல்லும் சுழல்தண்டின் கோணம்.

காஸ்டர் என்பது யாது? மிதிவண்டியின் முன்கவையை நோக்குங்கள். அது செங்குத்தாக நில்லாமல், மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அச்சாய்வுக் கோட்டைத் தரைவரை நீட்டினால், சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் அது தரையைத் தொடும். எனவே சக்கரம் தன் திரும்பும் அச்சுக்குப் பின்னால் இழுபட்டுச் செல்கிறது. பின்னால் இழுபடும் பொருள் நேராகச் செல்லவே நாடும். மருத்துவமனையில் நோயாளியைக் கொண்டுசெல்லும் தள்ளுவண்டியின் சிறு சக்கரங்கள், வண்டியைத் தள்ளியவுடன் தாமே திரும்பிப் பின்னால் சென்று நேராவதும் இதனாலேயே. ஜீப்பின் முன்சக்கரங்களும் இவ்வாறே சில பாகை பின்சாய்ந்த அச்சில் திரும்புகின்றன. வளைவைக் கடந்தபின் ஸ்டியரிங் தானாகவே நடுவுக்கு மீள்வது பெரும்பாலும் இச்சாய்வின் பயனே.

இப்போது ஒரு சிறு கணக்கு. இருசைப் பிடித்திருக்கும் நீளக் கையின் நீளம் 90 சென்டிமீட்டர் என்று கொள்வோம். சட்டத்தை 5 சென்டிமீட்டர் உயர்த்தினால், கையின் பின்முனை 5 சென்டிமீட்டர் மேலே செல்கிறது. கை ஏறக்குறைய 3.2 பாகை முன்நோக்கிக் கவிழ்கிறது. கை இருசோடு உறுதியாக இணைந்திருந்தால், இருசும் அதே அளவு கவிழும். 6 பாகையாக இருந்த காஸ்டர் 2.8 பாகையாகிவிடும். சக்கரத்தின் ஆரம் 40 சென்டிமீட்டர் ஆயின், திரும்பும் அச்சுக்கும் சக்கரத்தின் தரைத்தொடுகைக்கும் இடையே முன்பு இருந்த 4.2 சென்டிமீட்டர் தூரம் இப்போது 2 சென்டிமீட்டர் அளவே. 10 சென்டிமீட்டர் உயர்த்தினாலோ, 6 பாகைக்கு மேல் இழந்து, காஸ்டர் முற்றிலும் அழிந்து, எதிர்ப்பக்கம் சாயத் தொடங்கிவிடும். அத்தகைய வண்டி நேர்சாலையில் நிலைகொள்ளாமல் அலையும். ஓட்டுநர் இமைப்பொழுதும் கையை எடுக்க முடியாது.

இதற்குப் பரிகாரம், உயர்த்தியபோது கவிழ்ந்த இருசை அதே அளவு மீண்டும் பின்சாய்ப்பதே. சிறிய உயர்வுக்கு, துளை நடுவிலன்றி ஒதுங்கி அமைந்த புஷ்களைக் கையின் முனைகளில் பொருத்தலாம். இன்னும் சற்று உயர்ந்தால், புதிய கோணத்துக்கேற்ப வடிவமைத்த கைகளைப் பூட்டலாம். அல்லது கையின் பின்முனை பொருந்தும் தாங்கியைச் சட்டத்திலிருந்து கீழிறக்கலாம். தாங்கியைக் கீழிறக்கும் முறையில் கையின் சாய்வும் பழைய நிலையை அணுகும். ஆனால் தரையிலிருந்து அத்தாங்கியின் உயரம் குறையும். பாறைப் பாதையில் செல்வோர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். பட்டைவில் உள்ள பழைய ஜீப்களில் வழி வேறு. அங்கே வில்லின் முன்முனையில் உள்ள ஷேக்கிளை மட்டும் நீட்டி உயர்த்துவோர் உண்டு. வில்லின் ஒருமுனை மட்டும் இறங்குவதால் இருசு முன்கவிழ்ந்து காஸ்டர் குறைகிறது. இருசுக்கும் பட்டைவில்லுக்கும் இடையே ஆப்பு வடிவத் தகட்டைச் செருகி அதனைத் திருத்துவர்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. நான்கு சக்கர வண்டியின் முன் இருசு சக்கரங்களைத் தாங்குவதோடு நிற்பதில்லை. எஞ்சினின் ஆற்றலைப் பெறும் பற்சக்கரப் பெட்டியும் அதிலேயே இருக்கிறது. அப்பெட்டியின் முகம் பின்னோக்கி, சுழல்தண்டை எதிர்கொண்டு நிற்கிறது. காஸ்டரை மீட்க இருசைப் பின்சாய்த்தால், அம்முகம் தரையை நோக்கித் தாழும். சட்டம் உயர்ந்ததால் ஏற்கெனவே செங்குத்தாகிவிட்ட சுழல்தண்டு, அம்முகத்தோடு இன்னும் கூர்மையாக மடிந்து சேரவேண்டியதாகும். மடிந்த இடத்தில் சுழற்சியைக் கடத்துவது கிராஸ் எனப்படும் குறுக்கு மூட்டு. இம்மூட்டு மடிந்து சுழலும்போது, ஒருபுறம் சீரான வேகம் செலுத்தினாலும் மறுபுறம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும். 10 பாகை மடிப்பில் இவ்வேறுபாடு மேலும் கீழும் 1.5 விழுக்காடு அளவே. 20 பாகையிலோ 6 விழுக்காட்டைத் தொடும். கோணம் இருமடங்கானால் தீமை நான்கு மடங்காகிறது. தண்டின் இரு முனைகளிலும் மடிப்பு சமமாக இருந்தால் ஒன்றின் ஏற்றத்தாழ்வை மற்றது ஈடுசெய்யும். காஸ்டரைத் திருத்தும்போது அச்சமநிலையே குலைகிறது.

ஆகவே ஸ்டியரிங்குக்கு நன்மையானது சுழல்தண்டுக்குத் தீமையாகிறது. இதில் நடுவழி காண்பதே அறிவுடைமை. சிறிய உயர்வில் காஸ்டரை முழுமையாக மீட்காமல், வண்டி நேராக ஓடப் போதிய அளவு மீட்டு நிறுத்திக்கொள்வர். பெரிய உயர்வில், இருசுக் குழாயின் முனைகளில் சக்கரங்களைத் தாங்கும் பகுதியை அறுத்து, அதனை மட்டும் தனியே திருப்பி மீண்டும் பற்றவைக்கும் முறை உண்டு. அப்போது சக்கரங்களுக்கு ஒரு கோணமும் பற்சக்கரப் பெட்டிக்கு வேறொரு கோணமும் கிடைக்கும். ஆனால் அது தேர்ந்த கைகளும் சரியான கருவிகளும் வேண்டும் பணி. தெருவோரப் பற்றவைப்புக்கு உரியதன்று. உயிரைத் தாங்கும் பகுதி அது என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது கேட்டுக்கு வருவோம். இதுவே மாணவர்கள் மிகவும் கவனிக்கத்தக்க பகுதி. கிணற்று ஏற்றத்தைக் கண்டவர்கள் அதன் நெடுங்கழி அசைவதை நினைவுகூரலாம். கழி கிடையாக இருக்கும்போது அதன் முனை ஏறக்குறைய நேர்மேலும் கீழுமாகச் செல்லும். கழி மிகவும் சாய்ந்திருக்கும்போதோ, அதே முனை மேலே செல்வதோடு பக்கவாட்டிலும் பெரிதும் நகரும். நிலைத்த ஒரு புள்ளியைப் பற்றிச் சுழலும் கழியின் முனை வட்டத்தின் பகுதியையே வரையும் என்பதுதான் காரணம். ஜீப்பின் பான்ஹார்டு தண்டும் இத்தகைய கழியே.

அதன் நீளம் 80 சென்டிமீட்டர் என்றும், தொடக்கத்தில் அது கிடையாக இருந்தது என்றும் கொள்வோம். சட்டத்தை 10 சென்டிமீட்டர் உயர்த்தினால் தண்டு கர்ணமாகவும், உயரம் 10 ஆகவும் ஒரு செங்கோண முக்கோணம் அமைகிறது. 6400-இலிருந்து 100-ஐக் கழித்து வர்க்கமூலம் கண்டால் 79.37. அதாவது இருசு 6 மில்லிமீட்டர் அளவே பக்கவாட்டில் நகர்ந்தது. இன்னும் 10 சென்டிமீட்டர் உயர்த்தினால், 6400-இலிருந்து 400-ஐக் கழித்து வர்க்கமூலம் 77.46. இம்முறை நகர்ச்சி 19 மில்லிமீட்டர். உயர்த்திய அளவு ஒன்றே. விளைவு மூன்று மடங்கு. ஏற்கெனவே சாய்ந்த தண்டை மேலும் சாய்ப்பது எத்துணைத் தீங்கானது என்பதை இந்த இரு வர்க்கமூலங்களும் உணர்த்துகின்றன.

இருசு ஒருபக்கம் ஒதுங்கி நிற்பதை, நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய தண்டைப் பூட்டி நடுவுக்குக் கொணரலாம். ஆனால் அதனால் தண்டின் சாய்வு மாறிவிடாது. சாலையின் மேட்டிலும் பள்ளத்திலும் இருசு எழுந்து தாழும்போதெல்லாம் அது இடவலமாகவும் நகர்ந்துகொண்டே இருக்கும். இருசு நகர்ந்தால் சக்கரங்களும் நகரும். அவற்றைப் பிடித்திருக்கும் இழுதண்டும் அதே அளவு, அதே திசையில் நகர்ந்தால் கேடில்லை. நகராவிடின், ஓட்டுநரின் கை அசையாமலேயே சக்கரங்கள் திரும்பும்.

ஊஞ்சல் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இரு சங்கிலிகளும் ஒரே நீளமாக, ஒன்றுக்கொன்று இணையாகத் தொங்கினால், பலகையை அதன் நீளப்போக்கில் ஆட்டினாலும் அது தளமாறாமல் ஆடும். அங்கே அமைவது இணைகரம். ஒரு சங்கிலி குட்டையாகவோ, சாய்ந்தோ இருந்தால், ஒவ்வோர் ஆட்டத்திலும் பலகை ஒருபுறம் தூக்கும். பான்ஹார்டு தண்டும் இழுதண்டும் அவ்விரு சங்கிலிகளைப் போன்றவை. அவை ஏறக்குறைய ஒரே நீளமும், ஒரே சாய்வும் கொண்டிருக்கவேண்டும். தொழிற்சாலையில் வண்டியை வடிவமைத்தோர் இதனைக் கருதியே அவற்றை இணையாக வைத்தனர். இதுவே இப்பேச்சின் மையக் கருத்து: செப்பம் செய்வது என்பது தண்டுகளைத் தனித்தனியே நேராக்குவது அன்று, அவற்றிடையே இருந்த இணைத்தன்மையைக் காப்பதே.

இதனை அறியாதோர் செய்வது யாது? உயர்த்தியபின் இழுதண்டு செங்குத்தாகச் சாய்ந்திருப்பதைக் கண்டு, அதனைத் திருத்தவேண்டி, மேலும் கீழிறங்கிய வளைவுள்ள ஒரு பிட்மன் கையை வாங்கிப் பூட்டுகின்றனர். இழுதண்டு ஓரளவு கிடையாகிவிடுகிறது. பார்வைக்கு அழகாகவும் இருக்கிறது. பான்ஹார்டு தண்டோ பழைய சாய்விலேயே நிற்கிறது. கணக்கிட்டுப் பார்ப்போம். பான்ஹார்டு தண்டின் இரு முனைகளுக்கும் உயர வேறுபாடு 20 சென்டிமீட்டர். திருத்திய இழுதண்டுக்கு 10 சென்டிமீட்டர். இரண்டின் நீளமும் 80. வண்டி ஒரு மேட்டில் ஏறி, இருசு 5 சென்டிமீட்டர் எழுகிறது. பான்ஹார்டு தண்டு இருசை 11 மில்லிமீட்டர் பக்கவாட்டில் தள்ளும். இழுதண்டோ சக்கரத்தின் கையை 5 மில்லிமீட்டர்கூடத் தள்ளாது. எஞ்சிய 6.5 மில்லிமீட்டர் வேறுபாடு சக்கரத்தைத் திருப்பும். சக்கரத்தின் ஸ்டியரிங் கை 15 சென்டிமீட்டர் நீளமாயின், திரும்பும் அளவு 2.5 பாகை. முன்பின் சக்கரங்களுக்கிடையே 2.4 மீட்டர் உள்ள வண்டி, அந்தக் கணத்தில் 55 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் திரும்ப முனையும். ஓட்டுநரோ நேர்சாலையில் நேராகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். எதிரே ஒரு பேருந்து வரும் குறுகிய சாலையில் இதன் பொருள் என்ன என்பதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆகையால் விதி இது: பிட்மன் கையைக் கீழிறக்கினால், பான்ஹார்டு தண்டின் சட்டத்துப் பக்கத் தாங்கியையும் அதே அளவு கீழிறக்கவேண்டும். அல்லது இருசின் பக்கத்தில் இரண்டையும் உயர்த்தவேண்டும். பான்ஹார்டு தண்டின் தாங்கியை இருசின்மேல் உயர்த்தி, இழுதண்டைச் சக்கரக் கையின் மேற்புறத்தில் பூட்டுவது இம்முறை. இரண்டையும் செய்ய இயலாதாயின், இரண்டையும் விட்டுவிடுவதே நலம். சாய்ந்திருந்தாலும் இணையாக இருக்கும் இரு தண்டுகள், ஒன்று நேராகவும் மற்றது சாய்ந்தும் இருக்கும் தண்டுகளைவிட மேலானவை. உயர்ந்த தாங்கிகள் மிகுந்த முறுக்கு விசையை ஏற்கவேண்டியிருப்பதால், அவை போதிய தடிப்பும் கைத்தாங்கலும் உடையனவாக இருத்தல் வேண்டும்.

மூன்றாவதாக, அனைவரும் அஞ்சும் ஒரு நோயைப் பற்றிக் கூறவேண்டும். மணிக்கு 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, ஒரு சிறு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியதும், முன்சக்கரங்கள் இரண்டும் இடவலமாகக் கடுமையாக உதறத் தொடங்கும். ஸ்டியரிங் கையில் நில்லாது. வேகம் நன்கு குறையும்வரை அது ஓயாது. இது புதிய நோயன்று. 1920-களில் காற்றழுத்தம் குறைந்த பருத்த டயர்களும் முன்சக்கரத் தடைகளும் பரவியபோது, உறுதியான முன் இருசுள்ள கார்களில் இந்த உதறல் பெருந்தொல்லையாயிற்று. 1930-களில் சக்கரங்களைத் தனித்தனியே தொங்கவிடும் முறைக்குக் கார்கள் மாறியதற்கு அதுவும் ஒரு காரணம். உயர்த்திய ஜீப்பில் அப்பழைய நோய் மீண்டும் தலைகாட்டுகிறது.

இவ்வுதறலுக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றன்று, பல. பான்ஹார்டு தண்டின் முனைகளில் உள்ள புஷ்ஷிலோ போல்ட்டுத் துளையிலோ ஆட்டம், தேய்ந்த பந்து மூட்டுகள், தவறான காஸ்டர், எடைச் சமன் இல்லாத பெரிய டயர் ஆகியவை ஒன்றுசேர்ந்து இதனை விளைவிக்கின்றன. பலர் உடனே செய்வது, ஸ்டியரிங் தண்டில் மேலும் வலிய அதிர்வடக்கி ஒன்றைப் பூட்டுவது. அது சிலகாலம் உதறலை அடக்கும், நோயை நீக்காது. காய்ச்சலின் காரணம் அறியாமல் நெற்றியில் ஈரத்துணி இடுவது போன்றதே அது. ஈரத்துணி தவறன்று, ஆனால் அதுவே மருத்துவமாகிவிடாது. அடங்கியிருக்கும் நோய், வெளிப்படும் நோயைவிடக் கொடிது. ஏனெனில் தேய்வு உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும்.

எனவே செப்பம் செய்வதற்கு ஒரு முறைவரிசை வேண்டும். முதலாவது, உயர்த்துவதற்கு முன்பே அளவெடுத்து எழுதிக்கொள்ளல். காஸ்டர், தண்டுகளின் சாய்வு, இருசு நிற்கும் இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளாதவன் எதை மீட்பது என்று அறியான். சட்டத்தின் இருபுறத்திலிருந்தும் கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, சக்கரம்வரை உள்ள தூரத்தை அளந்தால் இருசு நடுவில் உள்ளதா என்பது புலப்படும். இரண்டாவது, மூட்டுகளின் தேய்வைச் சோதித்தல். வண்டி தரையில் நிற்க, ஒருவர் ஸ்டியரிங்கைச் சிறிதளவு இடவலமாகத் திருப்ப, மற்றொருவர் ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்துப் பார்த்தால், ஆட்டம் விரலுக்குத் தெரியும். தேய்ந்ததை மாற்றாமல் உயர்த்துவது, விரிசல் கண்ட சுவரின்மேல் மாடி கட்டுவதாகும். மூன்றாவது, உயர்த்தியபின் இருசை நடுவுக்குக் கொணர்தல். நான்காவது, காஸ்டரை மீட்டல். ஐந்தாவது, இரு முன்சக்கரங்களின் முன்விளிம்புகளுக்கும் பின்விளிம்புகளுக்கும் உள்ள தூரங்களின் வேறுபாடாகிய டோ அளவைச் சீர்செய்தல். இறுதியாகவே ஸ்டியரிங் சக்கரத்தை இழுதண்டின் சரிசெய் குழலால் நடுவில் நிறுத்தவேண்டும். இவ்வரிசையை மாற்றினால் ஒருமுறை செய்ததை மறுமுறை செய்ய நேரும்.

வேறு இரண்டு நுட்பங்களும் உண்டு. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, வண்டியின் எடை சக்கரங்களின்மேல் இறங்கிய பின்னரே இறுக முறுக்கவேண்டும். சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போது முறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து விரைவில் கிழியும். மற்றொன்று, முன்சக்கரங்கள் முழுமையாகத் தொங்கும் நிலையிலும் இருபுறமும் கடைசிவரை திருப்பிப் பார்த்து, தடைக்குழாய் இழுபடுகிறதா, டயர் எங்கேனும் உராய்கிறதா என்று காணவேண்டும். உயர்ந்த வண்டியில் பழைய தடைக்குழாய் குட்டையாகிப் போவது இயல்பு. ஸ்டியரிங்கைத் திருத்தி, தடையை இழந்தால் பயனென்ன?

இத்தனையும் செய்த பின்னரும், வண்டி உயர்ந்ததால் அதன் ஈர்ப்பு மையமும் உயர்ந்துவிட்டது என்னும் உண்மை மாறாது. வளைவுகளில் அது முன்னிலும் எளிதாகக் கவிழும். எந்தத் தண்டைத் திருத்தியும் அதனை மீட்க இயலாது. வேகத்தைக் குறைப்பதொன்றே வழி. இந்தியாவில் சட்டமும் இதில் தலையிடுகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அமைப்பிலிருந்து மாறுபடுமாறு வண்டியை உடையவர் மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. ஆகவே நம் நாட்டில் வண்டியை உயர்த்த எண்ணுவோர், பட்டறைக்குச் செல்லுமுன் பதிவு அலுவலகத்தின் விதிகளை அறிந்துகொள்வது கடமை. சாலை அனைவருக்கும் பொது. நம் வண்டியின் குறை எதிரே வருபவரையும் வருத்தும்.

மாணவ நண்பர்களே, ஓர் இயந்திரத்தில் எந்த உறுப்பும் தனித்து நிற்பதில்லை. ஒன்றின் இடத்தை மாற்றினால், அதனோடு உறவுடைய ஒவ்வொன்றையும் தேடிச் சென்று, அவற்றிடையே முன்பிருந்த ஒழுங்கைத் திரும்பவும் நிலைநாட்டவேண்டும். சுருள்வில்லை மாற்றுவது அரைநாள் வேலை. அது கலைத்த கோணங்களை அளந்து, எண்ணி, ஒவ்வொன்றாக மீட்பதே உண்மையான தொழில். அதற்கு வேண்டிய கணிதம் கடினமானதன்று. ஒன்பதாம் பத்தாம் வகுப்புகளின் பாடநூலிலேயே உள்ளது. அடுத்தமுறை காம்பஸைக் கையிலெடுத்து வட்டத்தின் ஒரு பகுதியை வரையும்போது, அதே கோட்டில்தான் ஒரு வண்டியின் இருசு மேட்டிலும் பள்ளத்திலும் எழுந்து தாழ்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். அக்கோடு பிழையாக அமைந்தால் தேர்வில் சில மதிப்பெண்கள் குறையும். சாலையிலோ அதற்குரிய விலை வேறு.